மண்புழுவிடம் பாடம் கேட்ட மேதை

மழை ஓய்ந்த காலை வேளையில் பள்ளி முற்றத்தில் மண்புழு ஒன்று நெளிவதைக் கண்டால் நம்மில் பலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகி நடப்போம். அதைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. உலகப் புகழ் பெற்ற ஒரு விஞ்ஞானி நாற்பதாண்டுகளுக்கு மேலாக அதைக் குனிந்து பார்த்தார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

அவரைப் பற்றி நாங்கள் படிக்க நேர்ந்ததே ஒரு தோல்வியால்தான். விடுதிச் சமையலறைக் கழிவை உரமாக்கலாம் என்று எங்கள் வகுப்பினர் ஒரு மண்புழுத் தொட்டி வைத்தோம். ஆர்வ மிகுதியால் நாள்தோறும் வாளி நிறையக் காய்கறித் தோலைக் கொட்டினோம். தண்ணீரையும் தாராளமாக ஊற்றினோம். மூன்றே வாரத்தில் தொட்டி நாறிப் போயிற்று, புழுக்கள் மடிந்தன. குற்றம் முழுவதும் எங்களுடையதே. புழுவின் இயல்பை அறியாமல் அதை வளர்க்க முனைந்தோம். அந்த இயல்பை அறியப் புறப்பட்டபோது எங்களுக்கு ஆசிரியராக வாய்த்தவர் சார்லஸ் டார்வின்.

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் பெயர் பெற்ற மருத்துவர். தாய் சூசன்னா, பீங்கான் தொழிலில் புகழ்பெற்ற வெட்ஜ்வுட் குடும்பத்தைச் சேர்ந்தவர். மகனுக்கு எட்டு வயதாகும்போதே தாயார் காலமானார். மூத்த சகோதரிகளின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவனுக்குப் பாடப் புத்தகத்தைக் காட்டிலும் கூழாங்கற்களும் வண்டுகளுமே பிடித்திருந்தன.

தந்தையின் விருப்பப்படி எடின்பரோவில் மருத்துவம் படிக்கச் சென்றார். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைக் காணச் சகியாமல் வெளியே ஓடி வந்தவர், பின்னர் அந்தப் படிப்பையே கைவிட்டார். அடுத்து, குருவானவராகும் நோக்கத்துடன் கேம்பிரிட்ஜில் சேர்ந்தார். அங்கும் வண்டு பிடிக்கும் ஆசை விடவில்லை. ஒரு நாள் மரப்பட்டையை உரித்தபோது இரண்டு அரிய வண்டுகள் தென்பட, கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக ஒன்று தோன்றவே, ஒரு கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டு அதைப் பிடிக்க முயன்றார். வாயிலிருந்த வண்டு கடுங்காரமான நீரைப் பீச்சியது. அதைத் துப்பியதில் அதுவும் போயிற்று, மூன்றாவதும் தப்பிவிட்டது.

1831-ஆம் ஆண்டு பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவர அழைப்பு வந்தது. தந்தை சம்மதிக்கவில்லை. தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்தான் பரிந்து பேசி அனுமதி வாங்கித் தந்தார். அவ்வாண்டு டிசம்பர் 27-ஆம் நாள் புறப்பட்ட கப்பல், 1836 அக்டோபர் 2-ஆம் நாள் திரும்பியது. தென் அமெரிக்காவின் காடு மலைகளையும், காலபகோஸ் தீவுகளின் பறவைகளையும் ஆமைகளையும் கண்டு, பெட்டி பெட்டியாகச் சேகரித்துக்கொண்டு திரும்பினார் அந்த இளைஞர்.

இவ்வளவு பெரிய உலகைக் கண்டு வந்தவருக்கு அடுத்த பாடம் மாமன் வீட்டுப் புல்வெளியிலேயே காத்திருந்தது. 1837-இல் மெயர் என்னும் ஊரிலிருந்த அந்த வீட்டிற்கு அவர் சென்றபோது, மாமா அவரை வயலுக்கு அழைத்துச் சென்று ஓரிடத்தைத் தோண்டிக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் புல்லின்மேல் தூவிய சுண்ணாம்பும் சாம்பற்கட்டிகளும் மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் ஒரே வரிசையாகக் கிடந்தன. யாரும் அவற்றைப் புதைக்கவில்லை. மண்புழுக்கள் கீழிருந்து மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளுவதால்தான் இவை கீழே இறங்கியிருக்க வேண்டும் என்பது மாமாவின் எண்ணம். டார்வின் அதைச் சிறு விஷயமென்று ஒதுக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளிலேயே இலண்டன் புவியியல் கழகத்தில் அறிஞர்கள் முன்னிலையில் மண்புழுவைப் பற்றிக் கட்டுரை படித்தார்.

1839-இல் அந்த மாமாவின் மகளான எம்மாவையே மணந்தார். 1842-இல் கெண்ட் மாவட்டத்திலுள்ள டவுன் என்ற சிற்றூரில் குடியேறினர். அடிக்கடி நோயுற்று வருந்திய டார்வின், எஞ்சிய நாற்பதாண்டு வாழ்வையும் பெரும்பாலும் அந்த வீட்டிலேயே கழித்தார். குடியேறிய டிசம்பர் மாதத்திலேயே அருகிலிருந்த புல்வெளியின் ஒரு பகுதியில் உடைத்த சுண்ணக்கட்டிகளைப் பரப்பிவிட்டுக் காத்திருக்கலானார்.

மற்றொரு வயலில் கற்கள் நிறைந்து கிடந்தன. அவருடைய புதல்வர்கள் அதன் சரிவில் ஓடும்போது கற்கள் கடகடவென்று உருளும். இவையெல்லாம் மண்ணுக்குள் மறைவதைக் காணத் தமக்கு ஆயுள் இருக்குமோ என்று அவர் ஐயுற்றார்.

அந்தக் காத்திருப்பின் நடுவே பெருந்துயரம் வந்தது. அந்தத் தம்பதியருக்குப் பிறந்த பத்துப் பிள்ளைகளில் மூவர் இளமையிலேயே இறந்தனர். அவர்களுள் ஆனி என்னும் அருமை மகள் 1851-இல் பத்து வயதில் நோயுற்று மடிந்தாள். அந்த ஆறாத துயரும் நெடுநாள் சிந்தனையும் சேர்ந்து அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கை குன்றிப் போயிற்று. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எம்மா அம்மையாரோ இறுதிவரை இறைப்பற்றுடன் வாழ்ந்தார். கருத்து வேறுபட்டபோதிலும் ஒருவரையொருவர் மதித்து, அன்பில் குறையாது இல்லறம் நடத்தினர். ஊர்க் குருவானவருக்கு டார்வின் நல்ல நண்பர். ஏழைத் தொழிலாளருக்கான உதவிச் சங்கத்தின் கணக்கைப் பல ஆண்டுகள் நாணயமாகப் பார்த்துவந்தார்.

1859-இல் அவர் வெளியிட்ட உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் உலகெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பியது. மனித உடலின் தோற்றத்தைப் பற்றி அறிஞர் ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை என்பதையும், ஆன்மா இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்பதையும் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இல் தெளிவுபடுத்தினார். பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்திற்கு மேற்பட்டது என்று 1996-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்றுரைத்தார். ஆகவே ஒரு கத்தோலிக்க மாணவி டார்வினின் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை.

பெரிய நூல்கள் எழுதிய காலத்திலும் அவர் புழுவை மறக்கவில்லை. 1869-இல் தோட்டக்கலை இதழ் ஒன்றில் ஒருவர் அவருடைய கருத்தை மறுத்து எழுதினார். அவ்வளவு சிறிய, வலுவற்ற பிராணி அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய இயலாது என்பதே அவர் வாதம். டார்வின் சொற்போருக்குச் செல்லவில்லை. 1871 நவம்பரில், சுண்ணக்கட்டி பரப்பிய இடத்தில் பள்ளம் தோண்டச் செய்தார். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் மேலே கிடந்த வெண்கட்டிகள் ஏழு அங்குல ஆழத்தில் வரிசையாகத் தெரிந்தன. கற்கள் உருண்ட வயலோ பசும்புல் மூடிக் கிடந்தது. குதிரை ஒன்று அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாய்ந்தோடினாலும் குளம்பில் ஒரு கல்கூடத் தட்டாத நிலை. தமக்கு ஆயுள் இருக்குமோ என்று ஐயுற்றவர், அதைத் தம் கண்ணாலேயே கண்டார்.

இக்காலத்திலேயே ஒரு பெண்மணியும் அவருக்குப் பேருதவி செய்தார். சர்ரே மாவட்டத்தில் ஒவ்வொரு சதுர கஜமாக இரண்டு இடங்களை அளந்து, அங்கே புழுக்கள் வெளித்தள்ளிய மண்ணை 1870 அக்டோபர் முதல் ஓராண்டு முழுவதும் திரட்டி வைத்தார். அம்மண்ணை உலர்த்தி நிறுத்தபோது, ஓரிடத்தின் கணக்குப்படி ஏக்கருக்கு ஏழரை டன்னும், மற்றோரிடத்தின் கணக்குப்படி பதினாறு டன்னும் வந்தன. நூலில் டார்வின் அப்பெண்மணியின் பெயரைக் குறிக்கவில்லை. அவருடைய கணக்கின் துல்லியத்தை முழுமையாக நம்பலாம் என்று மட்டும் பாராட்டியுள்ளார். ஓராண்டுக் காலம் புல்தரையில் குனிந்து புழுமண் பொறுக்கிய அந்தப் பொறுமையை எங்கள் ஆய்வகக் குறிப்பேட்டை எடுக்கும்போதெல்லாம் எண்ணிக் கொள்கிறோம்.

முதுமையில் டார்வின் தம் படிப்பறையிலேயே மண்நிரப்பிய சட்டிகளில் புழுக்களை வளர்த்தார். இரவில் விளக்கேந்திச் சென்று பார்ப்பார். சிவப்புக் கண்ணாடி, நீலக் கண்ணாடி வழியாக ஒளி பாய்ச்சிப் பார்ப்பார். வீட்டார் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. ஊதுகுழல் ஊதினர், பஸூன் என்னும் பெரிய குழற்கருவியை முழக்கினர், உரக்கக் கத்தினர். புழுக்கள் அசையவேயில்லை. பியானோவின் ஒலிக்கும் அசையவில்லை. ஆனால் சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் சட்டென்று வளைக்குள் மறைந்தன. புழுவுக்குச் செவியில்லை; அதிர்வை மட்டும் அது நன்கு உணரும் என்பது இவ்வாறு விளங்கியது.

புழுக்கள் இலைகளை வளைக்குள் இழுக்கும் முறையையும் ஆராய்ந்தார். அவை இழுத்துச் சென்ற 227 இலைகளை வெளியே எடுத்துப் பார்த்ததில் 181 இலைகள் நுனிப் பக்கமாகவே இழுக்கப்பட்டிருந்தன. பின்னர் காகிதத்தை முக்கோணங்களாக வெட்டிப் போட்டார். அவற்றுள் 303-ஐ ஆராய்ந்ததில் நூற்றுக்கு 62 கூர்முனையால் இழுக்கப்பட்டிருந்தன. கண்ணில்லாத புழுவும் தொட்டுப் பார்த்து எளிய வழியைத் தேர்ந்தெடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்.

புழுக்களின் வேலையைக் காணப் பழைய கட்டடங்களையும் அவர் விடவில்லை. ஹாம்ப்ஷயரில் பியூலி என்னுமிடத்தில் நம் துறவியர் வாழ்ந்த மடம் ஒன்று எட்டாம் ஹென்றி மன்னரால் அழிக்கப்பட்டிருந்தது. 1872-இல் டார்வினின் மகன் வில்லியம் அங்கே சென்று பார்த்தபோது, ஆலயத்தின் ஓடு பதித்த தரை ஏறத்தாழ ஏழு முதல் பன்னிரண்டு அங்குலம் வரை மண்ணுக்குள் இருந்தது. மனிதர் இடித்ததைப் புழுக்கள் மெல்ல மண்ணால் போர்த்துக் காத்திருந்தன. அறுபத்தெட்டு வயதில் டார்வின் தாமே ஸ்டோன்ஹெஞ்ச் சென்று, விழுந்து கிடந்த மாபெரும் கற்களும் மண்ணில் அமிழ்ந்து வருவதைக் கண்டார்.

இந்த ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டி 1881 அக்டோபரில் மண்புழுவைப் பற்றித் தனி நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்குப் பத்து டன்னுக்கும் மேற்பட்ட மண் ஆண்டுதோறும் புழுக்களின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்று அதில் கணக்கிட்டுக் காட்டினார். நம் நீலகிரி மலையிலிருந்து கிடைத்த புழுமண் குவியல் ஒன்றின் படமும் அந்நூலில் இடம்பெற்றிருப்பது நமக்குப் பெருமை. நம் நாட்டில் இப்புழுவை நாங்கூழ் என்றும் அழைப்பர். பத்தாண்டுகள் கழித்து, 1891-இல், சுந்தரம் பிள்ளை வெளியிட்ட மனோன்மணீயம் நாடகத்திலும் நாங்கூழின் உழைப்பு போற்றப்படுகிறது.

இவற்றைப் படித்தபின் நாங்கள் இரண்டாவது தொட்டி வைத்தோம். இல்லத்தில் வைக்க விரும்பும் தாய்மாருக்கும் மாணவியருக்கும் பயன்படும் என்பதால் அதன் முறையை இங்கே கூறுகிறோம்.

ஓர் அடி முதல் ஒன்றரை அடி ஆழமுள்ள பழைய பிளாஸ்டிக் தொட்டி போதும். அடியில் துளைகள் இட்டு, செங்கற்களின் மேல் நிழலில் வைக்க வேண்டும். வடியும் நீரைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு வைக்கலாம். தொட்டியில் முதலில் இரண்டு அங்குலம் உடைந்த ஓட்டுத் துண்டுகள். அதன்மேல் தேங்காய் நார். அதன்மேல் காய்ந்த இலைகளும் நன்கு ஆறிய பழைய சாணமும் பரப்ப வேண்டும். புதுச் சாணம் சூடேறிப் புழுக்களைக் கொன்றுவிடும்.

தோட்டத்தில் தோண்டி எடுத்த புழுக்களையெல்லாம் இதில் விடக்கூடாது. ஆழமாக வளை தோண்டி வாழும் புழுக்களுக்குத் தொட்டி ஏற்றதன்று. மேற்பரப்பில் மட்கும் பொருளைத் தின்று வாழும் சிவப்பு மண்புழுக்களே இதற்கு உகந்தவை. எய்சீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜினியே, நம் நாட்டுப் பெரியோனிக்ஸ் ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. மண்புழு உரம் தயாரிப்போரிடம் கால் கிலோ வாங்கினால் ஆரம்பத்திற்குப் போதும்.

காய்கறித் தோல், கீரைத் தண்டு, வாழைப்பழத்தோல், தேயிலைச் சக்கை ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். முன்பு போட்டது பெரும்பாலும் கரைந்த பிறகே அடுத்தது. எலுமிச்சை, புளி, ஊறுகாய், உப்பு, எண்ணெய், பால், மீன், இறைச்சி ஆகியவை கூடவே கூடாது. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு பிடி காய்ந்த இலையைத் தூவினால் வாடையும் ஈயும் வாரா.

புழு தன் தோலினால் சுவாசிக்கிறது. தோல் உலர்ந்தாலும் மடியும். தண்ணீரில் மூழ்கிக் காற்றின்றிப் போனாலும் மடியும். உள்ளிருக்கும் பொருளில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வருவதே சரியான ஈரம். மேலே நனைத்த சாக்கு ஒன்று எப்போதும் இருக்கட்டும். டார்வினின் பியானோவை நினைவிற்கொண்டு, மாவரைக்கும் இயந்திரத்தின் அருகில் தொட்டியை வைக்காதீர்கள். எறும்பு வராதிருக்கச் செங்கற்களைத் தண்ணீர் ஊற்றிய தட்டுகளில் வைக்கலாம்.

இரண்டு மாதத்தில் உரம் தேயிலைத் தூள் போலக் கறுத்து உதிரியாகும். அதற்கு வாடை இராது. மழை பெய்த மண்ணின் மணமே இருக்கும். மூன்று நாள் நீர் தெளிப்பதை நிறுத்திவிட்டு, வெயில் படாத வெளிச்சமான இடத்தில் சாக்கின்மேல் கூம்பாகக் குவித்தால், ஒளிக்கு அஞ்சிப் புழுக்கள் அடியில் இறங்கிவிடும். மேலுள்ள உரத்தைச் சிறிது சிறிதாக வழித்தெடுத்துச் சலித்துக் கொள்ளலாம். புழுக்கள் மீண்டும் தொட்டிக்கே. விளக்கேந்திச் சென்று டார்வின் கண்டறிந்த உண்மை இங்கே கைகொடுக்கிறது.

எங்கள் இரண்டாவது தொட்டியின் உரத்தைக் கெபிக்கு முன்னுள்ள ரோஜாச் செடிகளுக்கு இட்டோம். முதல் தொட்டியைக் கெடுத்தது எங்கள் அவசரம். இரண்டாவதைக் காத்தது கவனமே.

மண்ணுக்குப் போவதற்கு முன் புழு நூலை முடித்துவிட வேண்டும் என்று டார்வின் விரும்பினார். அது வெளிவந்த ஆறு மாதத்தில், 1882 ஏப்ரல் 19-ஆம் நாள், தம் எழுபத்துமூன்றாம் வயதில் காலமானார். ஊர்க் கோயில் கல்லறையில் அடங்குவதே அவர் எதிர்பார்ப்பு. நாடோ அவரை இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்து பெருமைப்படுத்தியது. 1896-இல் இறந்த எம்மா அம்மையார் அந்தச் சிற்றூர்க் கல்லறையிலேயே துயில்கிறார்.

ஆண்டுதோறும் சாம்பல் புதனன்று நாம் மண் என்பதை நெற்றியில் ஏற்று நினைவுகூர்கிறோம். அந்த மண்ணையும் ஓயாது புதுப்பித்துத் தரும் ஊழியரை இறைவன் நம் காலடியில் வைத்திருக்கிறார். அவ்வூழியரின் வேலையை ஒருவரும் பாராட்டுவதில்லை; அது ஒரு நாளில் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. நம் இல்லங்களில் விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டும் அன்னையரின் உழைப்பும், நம் பள்ளியில் ஓசையின்றிப் பணிபுரியும் அருட்சகோதரியரின் உழைப்பும் அத்தகையதன்றோ? கற்கள் நிறைந்த வயல் பசும்புல்லாக முப்பதாண்டுகள் ஆயின. நம் படிப்பிலும் பண்பிலும் இன்று செய்யும் சிறு முயற்சி நாளைக்கே பலன் தரவில்லை என்று மனம் தளராதிருப்போம்.

அடுத்த மழைக்கு முற்றத்தில் ஒரு மண்புழு தென்பட்டால், மிதிபடாதபடி அதை ஓர் இலையில் ஏந்திச் செடியடியில் விடுங்கள், தோழியரே.